கறுப்புக் கரை போட்ட படம்

சென்ற ஞாயிறு வகுப்பு முடிந்து சைக்கிள் எடுக்கும்போது உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. "ரீச்சர் எல்லாப் படத்துக்கும் செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரிக் கறுப்புக் கரை போடச் சொல்லுறா." மற்றவர்கள் சிரித்தீர்கள். எனக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகவே கேட்கிறது. சொன்னவர் யார் என்றும் தெரியும். அவர் பயப்பட வேண்டாம், கேள்வி நியாயமானதுதான்.

பிலிமில் படம் விழுந்த இடத்தைச் சுற்றி வெறும் ஓரம் ஒன்று இருக்கிறது. அச்சிடும்போது அது கறுப்பாக வரும். நாலு பக்கமும் அந்தக் கறுப்பு இருந்தால், கமரா கண்டது முழுவதும் தாளில் இருக்கிறது, எவரும் எதையும் வெட்டவில்லை என்று அர்த்தம். இதை ஒரு ஸ்டைல் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வவுனியாவிலிருந்து வகுப்பைப் பார்க்க வந்த ஒருவரும் அப்படித்தான் நினைத்துப் பாராட்டிவிட்டுப் போனார். ஸ்டைலுக்கும் எனக்கும் வெகுதூரம். காரணம் வேறு. அதை வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

நான் பிறவிச் சந்தேகக்காரி. சந்தையில் செவுளைத் திறந்து பார்க்காமல் மீன் வாங்கியதில்லை. மருந்துக் கடையில் தரும் குளிசையை டொக்டர் எழுதிய துண்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் வாயில் போடுவேன். படத் தொழிலில் இந்தக் குணம் நன்றாகவே கைகொடுத்தது. நாள் முடிந்த பிலிமைச் சந்தேகி, மேகத்தைச் சந்தேகி, கரைசலின் சூட்டைச் சந்தேகி என்று உங்களுக்கும் அதைத்தான் படிப்பிக்கிறேன். பிழை குணத்தில் இல்லை, வரிசையில்தான் இருந்தது.

நான் வேலை பழகிய ஸ்ரூடியோவின் முதலாளி அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். ஒரு கலியாணப் படத்தில் மணப்பெண்ணின் முந்தானை வலது தோளில் கிடந்தது. பெண்ணின் தாய் அதைத் தூக்கிக்கொண்டு வந்து சத்தம் போட்டார். நான் விடவில்லை. "உங்கட பிள்ளைதான் சீலையை மாறி உடுத்திருக்கிறா, நான் என்ன செய்யிறது?" என்று திருப்பிச் சத்தம் போட்டேன். உள்ளே இருந்து முதலாளி எழுந்து வந்து படத்தைப் பார்த்தார். நெகற்றிவைத் தலைமாறி வைத்து அச்சிட்டிருந்தேன், இடம் வலமாகிப் போயிருந்தது. தாயிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய பிறகு என்னிடம் சொன்னார்: "முதல் உன்ர கையைச் சந்தேகப்படு பிள்ளை. பிறகு மெசினை. ஆளைக் கடைசியாச் சந்தேகப்படு." கேட்டுச் சிரித்துவிட்டு, அடுத்த நாற்பது வருடமும் ஆளைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.

பிறகு புதுக்குடியிருப்பில் சொந்தமாக ஸ்ரூடியோ போட்டேன். பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குப் பெண் ஒருத்தி வந்து படமெடுத்தால் நல்லது என்று தாய்மார் விரும்பியதால் எனக்கு வேலை குறையவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பொருட்கள்தான் இல்லை. நான் செய்த பரிசோதனைகள் எல்லாம் அப்போது வந்தவை. கோப்பித்தூளிலும் சலவைச் சோடாவிலும் பிலிம் கழுவினேன். மின்சாரம் இல்லாதபடியால் கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அச்சிட்டேன். ஒரு தாளை நாலாக வெட்டி நாலு குடும்பத்துக்குப் படம் கொடுத்தேன். அப்படி வெட்டிய தாள் ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். பிலிமில் விழுந்த படமோ நீளம். அதனால் ஒரு பக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் அச்சிட வேண்டும். எந்தப் பக்கத்தைக் கழிப்பது என்பதை நான்தான் தீர்மானித்தேன்.

இன்னொரு வழக்கமும் அந்த நாளில் இருந்தது. ஓலை வீட்டில் இருப்பவர்கள் பிள்ளையை உடுப்பாட்டிக்கொண்டு, பூமரமும் கல்வீடும் உள்ள அயலவரின் வளவுக்குப் போய் நின்று படமெடுப்பார்கள். எவரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். எத்தனையோ குடும்பங்களை நானே அப்படிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இதை நினைவில் வைத்திருங்கள்.

கடைசி இடப்பெயர்வின்போது நெகற்றிவ்களை மூன்று பால்மா ரின்களில் அடைத்து ஸ்ரூடியோவின் பின்பக்கம் புதைத்தேன். மீளக் குடியேறி வந்து தோண்டியபோது இரண்டுக்குள் தண்ணீர் போயிருந்தது. ஒன்று காய்ந்து கிடந்தது. அந்த ஒன்றைப் பற்றி எவருக்கும் நான் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய புதிதில் பழைய படம் தேடி விதம்விதமான ஆட்கள் வந்தார்கள். யார் கேட்கிறார், யாருக்காகக் கேட்கிறார், அந்த முகத்தை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று எதுவும் தெரியாது. "எல்லாம் அழிஞ்சுபோச்சு" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். தெரியாத ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லி, தெரிந்தவர்களுக்கும் அதையே சொல்லப் பழகிவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை ராசம்மா வந்தாள். உடையார்கட்டுக்காரி. மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். உட்காரக் கதிரையைக் காட்டினேன், நுனியில் இருந்தாள். பொலித்தீன் பையைப் பிரித்து, அதற்குள் இன்னொரு பையைப் பிரித்து, ஒரு படத்தை எடுத்தாள். கல்லால் கட்டிய கிணறு, அதன் முன்னால் சீலை உடுத்த சிறு பெண்.

"எம்மக புவனா சடங்குக்கு நீங்க புடிச்சது அக்கா. ஞாபகம் இருக்குதுங்களா?"

ஞாபகம் இல்லை. ஆனால் படத்தின் பின்னால் பென்சிலில் இருந்த இலக்கம் என் கையெழுத்து.

"இதோட நெகட்டிவ் இருந்தா முழுப் படமாப் போட்டுத் தாங்க. அன்னிக்கு நான் கேட்டு, எங்க வீட்டையும் சேத்துத்தான் புடிச்சீங்க. குடுத்த படத்துல வீடு இல்ல."

விசயம் இதுதான். ராசம்மாவின் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவே இருந்த வேலி சண்டையில் இல்லாமல் போய்விட்டது. ராசம்மாவின் மண்வீடு கரைந்து மேடாகிவிட்டது. மிஞ்சியது அந்தக் கிணறு ஒன்றுதான். பக்கத்து வளவுக்காரரின் மகன் வந்து, கிணறு தங்களுடையது என்று காணிக் கந்தோரில் சொல்லியிருக்கிறார். அவரிடம் பத்திரம் இருக்கிறது, அதில் எல்லை தெளிவாக இல்லை. இவளிடம் பத்திரமே இல்லை. திரும்பி வந்த நாள் தொடக்கம் அந்தக் கிணற்றடியில்தான் தகரக் கொட்டில் போட்டு இருக்கிறாள். கிணறு அவருடையது என்று முடிவானால் கொட்டிலையும் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும்.

நான் படத்தை மறுபடி பார்த்தேன். "மண்வீட்டுக்குக் கல்லுக் கிணறோ?" என்று கேட்டேன்.

"அவரு கிணறு வெட்டுறவருங்க. ஊருக்கெல்லாம் வெட்டின மனுசன் தன் வளவுல வெட்ட மாட்டாரா? கிணத்த முடிச்சிட்டுத்தான் வீட்டப் பாக்கலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வீடு கட்டக் குடுத்து வைக்கல. முள்ளிவாய்க்கால்ல போயிட்டாரு."

பதில் உடனே வந்தது. கேட்டவுடன் பதில் வந்தால் எனக்குச் சந்தேகம், யோசித்துச் சொன்னாலும் சந்தேகம். யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இவ்வளவு காலம் கழித்து, வெட்டிய பக்கத்தில் வீடு இருந்தது என்று இவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவளின் பேச்சு என் பேச்சு மாதிரி இல்லாததும் அந்தச் சந்தேகத்தில் ஒரு பங்கு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் சொல்லியிருந்தால் பாதியை அப்போதே நம்பியிருப்பேன்.

"நெகற்றிவ் ஒண்டும் மிஞ்சேல்லை ராசம்மா. எல்லாம் அழிஞ்சுபோச்சு."

"அப்ப இந்தப் படத்த வச்சிக்கிட்டு ஏதாச்சும் பண்ண முடியுங்களா?"

"வச்சிட்டுப் போம், பாக்கிறன்."

அவள் படத்தை மறுபடி பைக்குள் வைத்தாள். "தப்பா நெனைக்காதீங்க அக்கா. இத யார் கையிலயும் விட்டுட்டுப் போக மாட்டேன்" என்று எழுந்தாள். என்னிலும் பெரிய சந்தேகக்காரியாக இருக்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவள் வாசல் படலையைத் தாண்டியதும், பழக்க தோஷம், பின்னால் இருந்த இலக்கத்தைக் கலண்டரில் குறித்து வைத்தேன்.

அடுத்த கிழமை மகேந்திரன் வந்தார். பக்கத்து வளவுக்காரரின் மகன். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து வயல் செய்த குடும்பம். அவருக்கு ஆறேழு வயதாக இருக்கும்போதே வவுனியாவுக்குப் போய்விட்டார்கள். முந்திரிகைப் பழமும் பிஸ்கற்றும் கொண்டு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். "அன்ரி" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது.

"அம்மா சாகும்வரைக்கும் எங்கட கல்லுக் கிணத்தைப் பற்றித்தான் கதைப்பா அன்ரி. இப்ப அங்க கிடக்கிறது அந்த ஒரு கல்லுக் கிணறுதான். ராசம்மா அம்மாவோட எனக்குக் கோவமில்லை. ஆனா ஒரு படத்தைக் காட்டிக் கிணறு தங்கட எண்டு சொல்லுறா. அந்த நாளையில சனம் வடிவான வளவுக்குப் போய் நிண்டுதானே படம் எடுக்கிறது? நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போறனீங்கள்?"

"ஓம். அப்பிடித்தான் வழக்கம்."

"அதை மட்டும் எழுதித் தந்தியள் எண்டால் போதும். வியாழக்கிழமை வளவிலேயே விசாரணை."

எழுதியே கொண்டு வந்திருந்தார். ராசம்மா கந்தோரில் காட்டிய படத்தின் போட்டோப் பிரதியும் கடிதத்தோடு இணைத்திருந்தது. கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு வழக்கம் இருந்தது, நான் அப்படிச் செய்தேன், இந்தப் படமும் அப்படி எடுத்திருக்கக்கூடும், அவ்வளவுதான். ராசம்மாவைக் கொட்டிலோடு கிளப்ப அது போதும்.

பேனையைக் கூட எடுத்துவிட்டேன். ஆனால் வந்த உடனே கையெழுத்து வைப்பது என் பழக்கத்தில் இல்லை. "கண்ணாடி இல்லைத் தம்பி. வாசிச்சுப்போட்டு வியாழக்கிழமை அங்கயே கொண்டு வாறன்" என்றேன். கண்ணாடி என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் கடிதத்தையும் பிரதியையும் மேசையில் விரித்தேன். மகேந்திரன் எங்கே என்னை ஏமாற்றுகிறார் என்று தேடினேன். அகப்படவில்லை. ராசம்மா எங்கே ஏமாற்றுகிறாள் என்று படத்தில் தேடினேன். பெண் நடுவில், கிணறு பின்னால், ஓரங்களில் ஒன்றும் இல்லை. சுத்தமான படம். அந்தச் சுத்தம்தான் எனக்குக் குத்தியது. என் கமரா நீட்டுக்குப் படம் எடுக்கிற கமரா. இந்தப் படமோ சதுரம். மூன்றில் ஒரு பங்கு இதில் இல்லை. அதை வெட்டி எறிந்தது ராசம்மாவும் இல்லை, மகேந்திரனும் இல்லை. இரண்டு பேரையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த நான், என் கையைப் பார்க்கவே இல்லை.

அலுமாரியின் மேல்தட்டிலிருந்த ரின்னை இறக்கினேன். கலண்டரில் இருந்த இலக்கத்தோடு ஒத்துப் பார்த்து அந்தத் துண்டை எடுத்து யன்னலுக்கு நேரே பிடித்தேன். பெண் நடுவில் இல்லை, இடப் பக்கமாக நின்றாள். கிணறும் இடப் பக்கம். வலது பக்கத்தில் கிடுகுக் கூரை, மண்சுவர், ஒரு கதவு. கிணற்றுக் கட்டுக்கும் அந்தக் கதவுக்கும் இடையில் ஏழெட்டு அடி வராது. நடுவில் வேலி இல்லை. வீட்டோரம் கறுப்பாக ஒரு கறை தெரிந்தது. பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று நினைத்துப் பூதக்கண்ணாடியை வைத்தேன். நெகற்றிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும் அல்லவா? அது பூஞ்சணம் இல்லை, வெள்ளை பெனியன். சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு ஆள், கையில் வாளியோடு.

அவள் சொன்னது அவ்வளவும் உண்மை. படத்தில் வீடும் விழவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நானும் அதற்காகத் தள்ளி நின்று, பெண்ணை ஒரு பக்கம் ஒதுக்கி, வீட்டையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். அச்சிடும்போது மண்சுவர் வடிவில்லை என்று வெட்டியிருக்கிறேன். தாள் இல்லை என்பது பாதிக் காரணம். மற்றப் பாதி நான்.

இனி என்ன செய்வது? நெகற்றிவைக் கொண்டுபோனால் என் பொய் ஊருக்கு முன்னால் வெளிப்படும். ரின் இருக்கிறது என்று தெரிந்தால் யார் யார் வருவார்கள் என்ற பழைய பயமும் எழுந்தது. அதைவிட, பிள்ளையின் படம் கேட்டு வாசல்வரை வந்து, என் பதிலை நம்பித் திரும்பிப் போன தாய்மாரின் முகங்கள். கையெழுத்தும் வைக்காமல், நெகற்றிவையும் காட்டாமல், காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். நல்லவள் மாதிரி எழுத வரவில்லை, உண்மையில் யோசித்தேன். ஒரு முழுப் பகலும் அதிலேயே போனது.

கடைசியில் வகுப்புக் கொட்டிலைத் திறந்தேன். நெகற்றிவ் வைக்கும் தகட்டின் வாய் படத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும், ஓரத்தை அது தின்றுவிடும். வெட்டினேன் என்று இனி ஒருத்தரும் சொல்லக்கூடாது என்று அரத்தை எடுத்து அதன் வாயை அராவிப் பெருப்பித்து, முழுப் படத்தையும் அச்சிட்டேன். நீங்கள் பாவிக்கும் தகடு அதுதான். ஓரம் கரடுமுரடாக இருக்கிறது, புதிதாக வாங்கலாம் ரீச்சர் என்று சொல்கிறீர்கள். வாங்கமாட்டேன்.

வியாழக்கிழமை உடையார்கட்டு வளவில் காணி உத்தியோகத்தர் கோப்போடு நின்றார். இளம் பெண். ஊர்ப் பதிவுகளைப் பார்க்கும் விதானையாரும் வந்திருந்தார். மகேந்திரன் என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்து கடிதத்துக்குக் கை நீட்டினார். நான் படத்தையும் நெகற்றிவ் துண்டையும் உத்தியோகத்தரிடம் கொடுத்தேன்.

"கடிதம் கையெழுத்து வைக்கேல்லைத் தம்பி. இதுதான் முழுப் படம்."

மகேந்திரனின் முகம் மாறியது. "நெகற்றிவ் ஒண்டும் மிஞ்சேல்லை எண்டு ஊருக்கே சொன்னனீங்கள் அன்ரி."

"பொய் சொன்னனான்."

விதானையார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவரின் தமக்கையும் ஒரு காலம் படம் கேட்டு என்னிடம் வந்து போனவர்.

"அப்ப இதை மட்டும் எப்பிடி நம்புறது? இப்ப போனிலேயே எந்தப் படத்தையும் மாத்திப்போடலாம்" என்றார் மகேந்திரன். சந்தேகம் நியாயமானது. அவரின் இடத்தில் நான் இருந்தால் அதைவிடக் கூடக் கேட்டிருப்பேன்.

"நம்ப வேண்டாம். பாரும். இந்தப் பிலிம் துண்டு போனிலை செய்யிறதில்லை. இந்தக் கறுப்புக் கரைக்கு வெளியில ஒண்டும் இல்லை, உள்ளுக்க ஒண்டும் வெட்டேல்லை. வாரும், நான் நிண்ட இடத்தில நீரும் வந்து நில்லும்."

கிணற்றுக் கட்டும், பின்னால் நிற்கும் பாலை மரமும் படத்தில் எப்படித் தெரிகிறதோ அப்படித் தெரியும்வரை முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து, அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். முதலில் உத்தியோகத்தர் படத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்று பார்த்தார். படத்தில் மண்வீடு நின்ற இடத்தில் இப்போது மண்மேடு கிடந்தது. பிறகு மகேந்திரன் வந்து நின்றார். தன் போனில் வெள்ளைத் திரையைப் போட்டு, அதன்மேல் நெகற்றிவைப் பிடித்து, படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கேயாவது பிழை பிடித்துவிட வேண்டும் என்று பார்த்தவரின் கண், வீட்டோரம் நின்றுவிட்டது.

"இது முத்துசாமி அண்ணை எல்லோ?"

ராசம்மாவின் புருசனின் பெயர் அதுதான்.

"எங்கட கிணத்தையும் இவர்தான் வெட்டினவர். என்னைத் தூக்கிக் கிணத்துக்குள்ள காட்டினவர்." அவர் திரும்பித் தங்கள் வளவுப் பக்கம் பார்த்தார். பழைய சீமெந்து நிலத்துக்கு அப்பால் வட்டமாக ஒரு பள்ளம், பற்றை மூடிக் கிடந்தது. அதுவரை அதைக் குண்டு விழுந்த குழி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் போய்க் காலால் பற்றையை விலக்கினார். உத்தியோகத்தரும் போனார். மண்ணுக்குள் இருந்து வளைவாகக் கட்டிய கல் வரிசை கொஞ்சம் வெளியே தெரிந்தது. தாய் சொன்ன கிணறு அதுதான். தூர்ந்துபோய்க் கிடந்திருக்கிறது.

மகேந்திரன் திரும்பி வந்து ராசம்மாவின் முன்னால் நின்றார். "எங்கட அம்மா சொன்னதை வச்சுத்தான் கதைச்சனான். எனக்கு ரெண்டு கிணறு எண்டு தெரியாது. குறை நினைக்காதேங்கோ" என்றார். பொய் சொன்னவர் அங்கே நான் ஒருத்திதான்.

ராசம்மா அதுவரை கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி நின்றாள், படத்தின் பக்கம் வரவே இல்லை. உத்தியோகத்தர் அதை அவள் கையில் கொடுத்து, "இதிலை உங்கட வீடு தெரியுது அம்மா" என்றார். அவள் வீட்டைப் பார்க்கவில்லை, கிணற்றையும் பார்க்கவில்லை. விரலை ஓரத்தில் வைத்தாள்.

"இவரு நிக்கிறாரு" என்றாள்.

அவரின் படம் என்று அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கிணறு ராசம்மாவின் பக்கம் என்று எல்லை போட்டார்கள், பத்திரமும் பிறகு வந்தது. என் ரின்னைப் பற்றிய செய்தி அதற்கு முன்பே ஊர் முழுக்கப் போய்விட்டது. திட்டினார்கள். திட்டிவிட்டு வந்து தேடினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வாங்கில் உட்கார்ந்திருக்கும் ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அவர்கள்தான். இப்போதும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்காமல் ரின்னைத் திறக்கமாட்டேன். குணம் மாறவில்லை. முதலில் என் கையைப் பார்க்கப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து ராசம்மா அந்தப் படத்தோடு மறுபடி வந்தாள். இந்த முறை ஒரே ஒரு பைக்குள் இருந்தது.

"ஒரு உதவி அக்கா. இவர மட்டும் வெட்டி எடுத்துப் பெருசாப் போட்டுத் தர்றீங்களா?"

வெட்டுவதில்லை என்று சபதம் எடுத்து, தகட்டின் வாயையும் அராவி வைத்திருக்கிறேன். அந்தச் சபதத்துக்குக் காரணமானவளே வந்து வெட்டச் சொல்கிறாள்.

"முகம் தெரியாது ராசம்மா. கடுகளவுதான் இருக்கு. ஆள் அசைஞ்சும் போனார். பெருப்பிச்சால் புள்ளி புள்ளியாத்தான் வரும்."

"பரவால்ல அக்கா. நிக்கிற விதம் தெரிஞ்சாப் போதும்."

வெட்டினேன். இந்த மூன்று வருடத்தில் கறுப்புக் கரை இல்லாமல் நான் அச்சிட்ட ஒரே படம் அது. உங்களுக்கு அந்த அனுமதி இல்லை, நோட்டீஸ் என்று சொன்னவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கரைசலுக்குள் தாளை ஆட்ட ஆட்ட, பெனியன் வந்தது, வாளி வந்தது, பிறகு தோள் வந்தது. தோள் திரும்பியிருந்தது. ஒரு கால் நிலத்தில் இல்லை. அந்த ஆள் அங்கே நிற்கவில்லை, விலகிப் போய்க்கொண்டிருக்கிறார். அந்த நாள் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. பெண்ணை நிறுத்திவிட்டுக் கமராவைக் கண்ணில் வைத்தபோது ஓரத்தில் ஒரு ஆள் வாளியோடு நின்றார். வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்தேன். "அண்ணை, அங்கால போங்கோ, படத்துக்க விழுறியள்" என்று அதட்டினேன். அவர் முழுவதும் போவதற்குள் கமராவின் பொத்தானை அமர்த்திவிட்டேன்.

படத்தைக் காயவைத்து ராசம்மாவிடம் கொடுத்தபோது இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சொன்னேன். "அவர் அசைஞ்சது என்னால. நான்தான் அவரை அங்கால போகச் சொன்னனான்."

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் அக்கா. நான் உங்க பக்கத்துலதானே நின்னேன்."